லாரியிலிருந்து இறங்கியவன்

மைனா பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. நகரத்தில் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. அங்கே அவள் பல் செட் செய்கிற மேடம். ஒரு மாடி அறையில் காலை முதல் மாலை வரை மெழுகும் கையுமாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் வரிசை செய்து அனுப்புகிறவள். மைனா என்பது மர மில் லைன் வீடுகளில் வைத்த பெயர். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை என்று யாரோ வைத்தது. இப்போதெல்லாம் அவள் கேட்டதற்குப் பதில் சொல்வதே பெரிய விஷயமாகிவிட்டது.

நிறுத்தத்தில் குடையோடு ஒருத்தி நின்றிருந்தாள். கொசு. காதோரம் வந்து ரகசியம் ரகசியமாக ஊதியே அந்தப் பெயரை வாங்கியவள். மில்லை மூடி, குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டியபோது கொசுவின் வீடு மட்டும் எங்கும் போகவில்லை. தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அவள் இப்போது டீச்சர்.

"என்னடி இது, தலைக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு வந்திருக்க?" என்றாள் கொசு.

"நீ மட்டும் என்னவாம்? கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்கற."

கட்டிக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதை இருவருமே சொல்லவில்லை.

இந்தச் சந்திப்பு கொசுவின் ஏற்பாடு. ஒரே வரிசையில் வளர்ந்த நாலு பேர், மைனா, கொசு, பூசணி, சுண்டெலி. பூசணி இப்போது நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிறான். அவனைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. சுண்டெலி கிடைத்ததுதான் அதிசயம். கொசுவிடம் படித்த பெண் ஒருத்தி பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே மேனேஜர் அவன்தான் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது.

"போன்ல 'டேய் சுண்டெலி, ஞாயித்துக்கிழமை வந்துடு'ன்னு சொன்னேன். அவனுக்கு ஒண்ணுமே புரியலைடி. யாரைக் கூப்பிடறீங்கன்னு கேட்டான். அப்புறம் யோசிச்சு, சரி வரேன்னான்" என்று நடந்துகொண்டே சொன்னாள் கொசு.

லைன் வீடுகளில் பாதிக்கு மேல் கூரை இல்லை. சுவர் இருந்தது, கதவும் இருந்தது, மேலே வானம் இருந்தது. ஆள் இருக்கிற வீடுகள் நாலைந்துதான். கொசுவின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனை மைனாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தான், சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது.

"சர்க்கரை வந்து என்னைத் தின்னுடுச்சு மைனா. நான் தின்னதையெல்லாம் வட்டியோட எடுத்துக்கிச்சு" என்று சிரித்தான் பூசணி. அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவன் பூசணி என்று ஒத்துக்கொள்ள முடிந்தது.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மில் இருக்கிற பக்கத்திலிருந்து ஒருவன் நடந்து வந்தான். கையில் பை எதுவும் இல்லை. வெளுத்த சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். வேகமாக, கொஞ்சம் குதித்தாற்போல் வைக்கும் நடை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"சுண்டெலி!"

அவன் சிரித்தான். மைனாவின் கண் பழக்கதோஷத்தில் பல்லுக்குத்தான் போனது. மேல்வரிசையின் முன்பல்லில் ஒரு மூலை உடைந்து சின்ன முக்கோணமாகப் போயிருந்தது. ஊஞ்சல் பலகை இடித்து உடைந்த பல். அன்றைக்கு ஊஞ்சலை ஆட்டிவிட்டவள் அவளேதான்.

"இன்னும் சரி பண்ணிக்கலையாடா? சொல்லியிருந்தா நானே செஞ்சு கொண்டு வந்திருப்பேன்."

"எதுக்கு? இது நீ குடுத்ததுதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றான் அவன்.

அவன்மீது மரத்தூள் வாசனை அடித்தது. அப்போதுதான் அறுத்த ஈர மரத்தின் வாசனை. வழியில் எங்காவது தச்சுவேலை நடந்திருக்கும் என்று மைனா நினைத்துக்கொண்டாள்.

வந்தவன் வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்தான். பூசணியின் அப்பா கோபம் வந்தால் எந்த வார்த்தையில் தொடங்குவார் என்பதிலிருந்து, கொசு வீட்டுக் கோழி எந்த வீட்டில் போய் முட்டையிட்டது, அதற்கு யார் யார் சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் சொன்னான். இவர்கள் மறந்தே போனதையெல்லாம் நேற்று நடந்தது போலச் சொன்னான். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சாப்பாடு போட்டபோது இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இப்ப எங்கடா வீடு?" என்று கேட்டான் பூசணி.

"இங்கதான்."

"அது தெரியும்டா, இப்ப எங்க?"

"இங்கதான்னு சொல்றேனே."

கேலி பண்ணுகிறான் என்று பூசணி அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேரும் மில்லுக்கு நடந்தார்கள். தகரக் கூரை துருப்பிடித்து இறங்கியிருந்தது. மரம் அறுக்கும் பெரிய வாள் சுற்றிய இடத்தில் ஒரு பள்ளம், அதில் செடி. சுண்டெலி முன்னால் போனான். கம்பி வேலியில் எங்கே குனிய வேண்டும், எந்தப் பலகை கால் வைத்தால் உள்ளே போகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஊரிலேயே இருக்கிற கொசு அவனைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள்.

மில் வாசலில், முன்பு லாரிகள் நின்ற திடலில் வந்து நின்றபோது அவன் மைனாவிடம் திரும்பினான்.

"நீ போன அன்னிக்கு இந்த இடத்துலதான் நான் நின்னேன். மெத்தைச் சுருட்டு மேல உக்காந்திருந்த நீ. மடியில சுவர்க்கடிகாரம். கண்ணாடி உடைஞ்சுடும்னு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிருந்த. அதனால எனக்குக் கைகூடக் காட்டலை."

மைனா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். கடிகாரம் உண்மைதான். அதன் முள் தொடையில் அதிர்ந்தது கூட இப்போது ஞாபகம் வந்தது. நாலு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ இடறியது. 

வீட்டுக்கு வந்ததும் கொசு டீ போட உள்ளே போக, மைனாவும் பின்னாலேயே போனாள்.

"கொசு, லைன்ல இருந்து முதல்ல போனது யாரு?"

"சுண்டெலி வீடுதான். அவன் அப்பாவுக்குத்தான் முதல்ல வேற வேலை கிடைச்சுது. போகமாட்டேன்னு அப்படி அழுதானே, தூக்கி லாரியில போட்டாங்களே, மறந்துட்டியா? அதுக்கப்புறம் மழை ஓஞ்சுதான் நீங்க போனீங்க."

"அப்படின்னா நான் போனதை அவன் எப்படிப் பாத்தான்?"

கொசு அடுப்பைக் குறைத்தாள். "நீயே எப்பவாவது சொல்லியிருப்ப."

"எங்கடி சொல்றது? அவன் போனப்புறம் இன்னிக்குத்தானே பாக்கறேன்."

அந்த நேரத்தில் கொசுவின் போன் அடித்தது. அவள் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாள்.

"டீச்சருங்களா? நான்தான் பேசறேன், பம்பு கம்பெனி. நீங்ககூட சுண்டெலின்னு சொன்னீங்களே. மன்னிச்சுக்கங்க, கார் வழியில நின்னுபோச்சு. இப்பத்தான் மெக்கானிக் வந்து சரி பண்ணினார். வெயில் தாழ வந்துடுவேன். மத்தவங்க எல்லாரும் வந்துட்டாங்களா?"

குரல் அவன் குரல்தான். கொஞ்சம் கனத்து, களைத்துப்போயிருந்தது.  மைனா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசலில் சுண்டெலி கையைக் காலை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பூசணி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாங்க. வாங்க" என்று எப்படியோ சொல்லி கொசு போனை அணைத்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. இருவருமே அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

"யாரோ விளையாடறாங்க" என்றாள் கொசு.

"அந்தப் பல்லை நான் பாத்தேன். அது சுண்டெலி பல்லுதான்."

 இதைக் கேட்காமல் மைனாவால் இருக்க முடியாது. வெளியே போய் அவன் எதிரில் நின்றாள்.

"நீ யாரு?"

பூசணியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவனோ கோபப்படவில்லை, தடுமாறவும் இல்லை. எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போல நிமிர்ந்து பார்த்தான்.

"சுண்டெலிதான்."

"இப்பத்தான் சுண்டெலி போன் பண்ணினான். வந்துக்கிட்டிருக்கானாம்."

"அவன் வரானா?" என்று அவன் கேட்டபோது குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "நெஜமாவே வரானா?"

"நீ யாருன்னு கேட்டேன்."

"அன்னிக்கு லாரி கெளம்பினப்ப நான் இறங்கிட்டேன் மைனா. அவன் போயிட்டான்." அவன் அதை பஸ் மாறியதைச் சொல்வது போலச் சொன்னான். "அழுதுக்கிட்டே இருந்தோம்ல, ஒரு இடத்துல அழுகை நின்னு போச்சு. பாத்தா நான் கீழ நிக்கறேன், லாரி போயிட்டிருக்கு. அதுல அவன் உக்காந்திருக்கான். அவன் அழவே இல்ல. அம்மா கூட அவன் சமாதானமாயிட்டான்னு சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க."

 எங்கோ ஒரு வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷமாவா? இங்கேயா?" என்று கேட்டாள் கொசு. "நான் உன்னைப் பார்த்ததே இல்லையே."

"தினமும் என்னைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போற. நீ பாக்கமாட்ட. பேர் சொல்லி யாரும் கூப்பிடலை, நான் எப்படி வர்றது? அன்னிக்கு நீ போன்ல டேய் சுண்டெலின்னு கூப்பிட்ட. ஞாயித்துக்கிழமை வான்னு சொன்ன. வந்தேன்."

கொசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வகுப்பறையில் சில நாள் கடைசி பெஞ்சில் யாரோ கூடுதலாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும் என்றும், நிமிர்ந்து பார்த்தால் சரியாக இருக்கும் என்றும் அவள் பிற்பாடு மைனாவிடம் சொன்னாள். 

பூசணிதான் சமாளிக்கப் பார்த்தான். "சரி சரி, நல்லாத்தான் கதை விடற. நான்கூடத்தான் போகும்போது அழுதேன். அப்ப என்னுது ஒண்ணு இங்க இருக்கா?"

"இருக்கானே."

"எப்படி இருக்கான்?" என்று கேலியாகத்தான் கேட்டான்.

"குண்டா இருக்கான். முன்னைவிடக் குண்டு. சாயங்காலமானா ஆத்துல குதிச்சு எல்லாத் தண்ணியையும் வெளிய தள்ளிடறான்."

பூசணி சிரிக்க வாயைத் திறந்தான். அது சிரிப்பாக வரவில்லை. தன்னுடைய மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டான். விரல்கள் ஒரு சுற்று சுற்றி இன்னும் மிச்சம் இருந்தது. எழுந்து, கடையில் ஆள் இல்லை, லோடு வரும் என்று ஏதேதோ சொன்னான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனான். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மைனா அசையாமல் நின்றாள். 

"என்னுதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கா. உங்க பழைய வீட்லயேதான். இன்னிக்கு நீ வரேன்னு சொல்லிக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா." அவன் தயங்கினான். "உன்மேல கோபமா இருக்கா."

"எதுக்கு?"

"அதை நீ அவகிட்டதான் கேக்கணும். நான் நடுவுல வரமாட்டேன்பா. உன் வாய் உனக்கே தெரியும், அதே வாய்தான் அவளுக்கும்."

வெயில் சாய்ந்து தெரு மஞ்சளாகியபோது ஒரு கார் மெதுவாக வந்து தெருமுனையில் நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்தவன் விருட்டென்று எழுந்தான். சட்டையை இழுத்துச் சரி பண்ணினான், தலையைக் கோதினான். யாரிடமும் சொல்லாமல் தெருக்குழாய் வரைக்கும் ஓடிப்போய் அங்கே நின்றான். மைனாவும் கொசுவும் நிலைப்படியில் நின்று பார்த்தார்கள்.

காரிலிருந்து கனத்த ஆள் ஒருவர் இறங்கினார். முன்மண்டை வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு பாக்கெட்டிலும் போன். வீடுகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயடியில் நிற்கிறவனிடம் வந்தார்.

"அண்ணே, இங்க டீச்சர் வீடு எது?"

அவன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். முகத்தை, கையை, வழுக்கையை, ஷூவை. பார்த்தது போதவில்லை என்பதுபோல மறுபடி முகத்தை. அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, காது கேட்காதவரோ என்று நினைத்து, கேள்வியைச் சத்தமாக இன்னொரு தடவை கேட்டார்.

அவன் கையை நீட்டி வீட்டைக் காட்டினான்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே."

அவர் இந்தப் பக்கம் நடந்து வந்தார். அவன் அந்தப் பக்கம் மில்லை நோக்கி நடந்தான். இப்போது அந்த நடையில் குதிப்பு இல்லை. கொசு தன் புடவை முனையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வாங்கி வந்த பழத்தைக் கொடுத்தார். எல்லாரையும் நீங்க என்றார். மில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஊஞ்சல், கோழி, பூசணியின் அப்பா என்று எதை எடுத்தாலும் "அப்படியா?" என்று புன்னகைத்தார். புன்னகையில் முன்பல்லுக்குப் போட்டிருந்த உறை தெரிந்தது. நல்ல வேலைதான், நிறம் மட்டும் பக்கத்துப் பல்லைவிட ஒரு படி வெளுப்பு. அந்த இடத்தில், அதே மூலையில்.

"இந்தப் பல் எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டாள் மைனா.

"சின்ன வயசுல எங்கயோ விழுந்தேனாம், அம்மா சொல்வாங்க. எனக்கு ஞாபகம் இல்லைங்க." அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "உண்மையைச் சொன்னா, எனக்குச் சின்ன வயசுன்னு ஒண்ணு இருந்த மாதிரியே இல்லைங்க. லாரியில உக்காந்து போறதுதான் முதல் ஞாபகம். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. டாக்டர்கிட்டகூடக் காட்டினேன், எல்லாம் நார்மல்னுட்டார். அதான் டீச்சர் கூப்பிட்டதும் வந்து பாப்போம்னு வந்தேன். உங்களையெல்லாம் பாத்தா ஏதாவது வரும்னு நெனைச்சேன்."

"வந்துதா?" என்று கேட்டாள் கொசு, மெல்ல.

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "குழாய்கிட்ட ஒருத்தர் வழி காட்டினாரே, அவரைப் பாத்தப்ப மட்டும் கண்ணு கலங்குச்சு. ஏன்னு தெரியலை. பாவம், கஷ்டப்படறவர் போல."

கொசு அவரிடம் சொல்லிவிடுவாள் என்று மைனா நினைத்தாள். மைனா சொல்லிவிடுவாள் என்று கொசு நினைத்திருப்பாள். இருவரும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? அவர் எழுந்து, ரொம்ப தூரம் போகணும் என்று விடைபெற்றுக்கொண்டார். காரில் ஏறும்போது குழாய்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மைனா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வரிசையின் கோடிக்குப் போனாள். அவள் பிறந்த வீட்டுக்கும் கூரை இல்லை. ஓடுகள் உள்ளேயே விழுந்து, ஜன்னலில் கொடி ஏறி அடைத்திருந்தது. ஆனால் வாசலில் புதிதாகத் தண்ணீர் தெளித்த ஈரம் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

பக்கத்து மரத்தில் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. நன்றாகவே விடிந்திருந்தது.  தன் பெயரைத் தானே கூப்பிடுவது எப்படி என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மைனா" என்றாள் கடைசியில்.

உள்ளே ஏதோ அசைந்தது. ஓட்டுத் துண்டுகள்மேல் கால் படுகிற சத்தம் கதவுக்கு அருகில் வந்து நின்றது. மூச்சு கேட்டது. பலகையின் அந்தப் பக்கத்தில், தன் வாய்க்கு நேரே.

அவளுக்கு ஓடிவிடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் வருஷக்கணக்கில் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது. புது ஊரில் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காராதது, அப்பா குடிக்க ஆரம்பித்தது, கல்யாணமாகி அது நிலைக்காமல் போனது, மெழுகில் பல் நடுகிற வேலை கையோடு ஒட்டிக்கொண்டது. சொல்லச் சொல்ல அவள் குரலே வேகமெடுத்தது. உள்ளே இருந்து ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னாள். அம்மா போனதைச் சொன்னாள்.

கதவில் கை வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

அது மைனாவின் குரல்தான். கோபத்தில் அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல். அதை வெளியிலிருந்து கேட்பது தாங்க முடியாததாக இருந்தது.

மைனா படியைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அது. அம்மாவுக்குக் கடைசி நாட்களில் நினைவு தப்பிவிட்டது. சாயங்காலம் ஆனால் போதும், வாசலைப் பார்த்துக்கொண்டு, இருட்டப்போகுதே, அந்தப் பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரலையே என்று ஆரம்பித்துவிடுவாள். நான்தாம்மா, வந்துட்டேன், இதோ பாரு என்று மைனா கையைப் பிடிப்பாள். அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்து, கையை உதறிவிட்டு, நீ இல்ல என்பாள். இருப்பது ஒரே பெண்தான். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மைனாவுக்கு உயிர் போய்விடும். அம்மாவைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்தவளும் மைனாதான்.

"கேட்டாங்க" என்றாள் மைனா. "தினமும் கேட்டாங்க. உன்னை மட்டும்தான் கேட்டாங்க."

கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது. பெரிய மனுஷியின் அழுகை இல்லை. விக்கி விக்கி, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துக்கொள்கிற குழந்தை அழுகை. மைனாவும் அழுதாள். நடுவில் அந்தக் கதவு மட்டும்தான் இருந்தது. அழுது ஓய இரண்டு பேருக்கும் ஒரே நேரம் பிடித்தது.

"என்கூட வந்துடறியா?" என்று கேட்டாள் மைனா.

தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே ஆள் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அவள் வயதுக் கை, அவள் விரல்கள்தான். ஆனால் நகக்கண்ணில் மண், தோலெல்லாம் வெயில் பட்டுக் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. மைனா அதைப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கை அவள் கையை இறுக்கியது. அவள் இழுக்கிறாளா, தான் இழுக்கிறோமா என்று மைனாவுக்குத் தெரியவில்லை. ஒரு கணம், உள்ளே போய்விட்டால்தான் என்ன என்று தோன்றிவிட்டது. ஒரு கால் படியைத் தாண்டிக்கூட விட்டது.

அப்போது அந்தக் கை அவளை விட்டது. மெல்ல நெஞ்சில் வைத்து வெளியே தள்ளியது.

"நீ போ. பஸ் போயிடும்."

கதவு மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது.

நிறுத்தத்தில் கொசு பையோடு காத்திருந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. மைனாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "பேசினாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

"நீங்கள்லாம் போனீங்க, ஆளுக்கு ஒண்ணை விட்டுட்டுப் போனீங்க. நான் போகவே இல்ல. எனக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றாள் கொசு. அது நிம்மதியா ஆதங்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பஸ் வந்தது. மைனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர ஆரம்பித்ததும் தலையை வெளியே நீட்டினாள்.

"கொசு, அந்த வீட்டுக்குக் கூரையே இல்லடி. குளிர் காலத்துல என்ன பண்ணுவா?"

"போர்வை கொண்டு வைக்கறேன். நீ கவலைப்படாமப் போ."

பூசணி அதன்பிறகு ஒரு மாசத்துக்குப் போனையே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக கொசு சொன்னாள். போகும்போது சட்டை நனைந்திருந்ததாம். பம்பு கம்பெனிக்காரர் மறுபடி வரவில்லை. சுண்டெலி என்று பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கொசு இரண்டு தடவை போனை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போர்வையை மட்டும் கொசு அந்த வாரமே கொண்டுபோய்ப் படியில் வைத்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தால் அது அங்கே இல்லை. ஜன்னல் திண்டில் கழுவிய டம்ளர் ஒன்று கவிழ்த்து வைத்திருந்ததாம். டீ கேட்கிறாள் போல என்று போனில் சொன்னாள் கொசு.

"சர்க்கரை கம்மியாப் போடு" என்றாள் மைனா. சொல்லிவிட்டு, எதிரில் மெழுகில் பாதி நட்டுவைத்திருந்த பல் வரிசையைப் பார்த்தபடி, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.